வாசகர் மெய்ப்பாளராவது எப்படி: தமிழ் விக்கிமூலத்தில் உங்கள் முதல் பக்கம்

பழைய தமிழ் நூல் ஒன்றை இணையத்தில் படித்துக்கொண்டிருக்கும்போது, "ஆனால்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "ஆளுல்" என்றும், "என்றார்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "என்ருர்" என்றும் கண்டு திகைத்தவர்கள் பலர் இருப்பார்கள். அது நூலாசிரியரின் பிழையும் அன்று, அச்சுக் கோத்தவரின் பிழையும் அன்று. நூலின் பக்கப் படத்தைப் பார்த்து எழுத்துகளாக மாற்றிய மென்பொருள் (எழுத்துணரி), பழைய எழுத்து வடிவத்தை அறியாமல் தடுமாறிய இடம் அது. எவரும் படிக்கவும் திருத்தவும் கூடிய இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் அந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்றால் அதைத் திருத்தும் வாய்ப்பு உங்கள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதை, இதுவரை ஒரு முறையும் செய்திராதவரை மனத்தில் கொண்டு, இக்கட்டுரையில் விளக்குகிறேன்.

படிக்கும் இடம் எழுதும் இடமானது

செய்முறைக்குப் போவதற்கு முன் சிறிது பின்னோக்கிப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் முன்பின் அறியாதவர் ஒரு நூலின் பக்கத்தைத் திருத்தலாம் என்ற ஏற்பாடே பலருக்கு இன்னமும் நம்ப முடியாததாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1990இல் உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்க மட்டுமன்றி அங்கேயே திருத்தவும் உதவுவதாக இருந்தது. ஆனால் அது நெக்ஸ்ட் என்ற ஒருவகைக் கணினியில் மட்டுமே இயங்கியது. பின்னர் மக்களிடையே பரவிய உலாவிகள் காட்டும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தும் வேலையை விட்டுவிட்டன. எழுதுபவர் சிலர், படிப்பவர் பலர் என்ற பிரிவு அதனால் உறுதிப்பட்டது. அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று வெளியிட்ட முதல் விக்கித் தளம்தான், ஒவ்வொரு பக்கத்திலும் திருத்தும் வசதியை வைத்து அந்தப் பிரிவை மீண்டும் உடைத்தது. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய "விக்கி விக்கி" பேருந்தின் பெயரை அவர் அதற்கு எடுத்துக்கொண்டார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு விரைவு என்று பொருள்.

விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியான நியூபீடியா 2000இல் தொடங்கியபோது, வல்லுநர் எழுதிப் பல கட்ட ஆய்வைக் கடந்த கட்டுரைகளையே வெளியிடுவது என்ற நெறியைக் கொண்டிருந்தது. மூன்றாண்டுகள் கழித்து அது மூடப்பட்டபோது முழுமை பெற்றிருந்த கட்டுரைகள் முப்பதை எட்டவில்லை. அதன் துணை முயற்சியாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியாவோ, முதலில் எழுதுங்கள், பிறகு கூடித் திருத்துவோம் என்ற வழியில் சென்று முதலாண்டிலேயே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் பெற்றது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

தமிழர் இந்தக் கூட்டு உழைப்புக்குப் புதியவர்கள் அல்லர். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதிக் கணினிக்குக் கொண்டுவந்தனர். அந்த உழைப்பின் பயனை நாம் ஒவ்வொருவரும் அனுபவித்திருக்கிறோம். எனினும் அங்கே பிழை கண்ட வாசகர் அதை ஒருங்கிணைப்பாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். திருத்தம் அவர் கையில் இருந்தது. விக்கிமூலத்தில் அந்த இடைவெளி இல்லை. பிழையைக் கண்டவரே திருத்துகிறார். அவர் திருத்தியது சரியா என்பதை மூலப் பக்கத்தின் படத்தை வைத்து எவரும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். நம்பிக்கைக்கு அடிப்படை திருத்தியவரின் பட்டமோ பதவியோ அன்று, அருகிலேயே இருக்கும் அந்தப் படம்தான். விக்கித் திட்டங்கள் பலவற்றிலும் புதியவர் தொடங்குவதற்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணமும் அதுவே. கலைக்களஞ்சியக் கட்டுரை எழுத வேண்டுமானால் சான்று தேட வேண்டும், நடுநிலை பேண வேண்டும், எது கட்டுரைக்குத் தகுந்த பொருள் என்று முடிவு செய்ய வேண்டும். மெய்ப்புப் பார்ப்பவருக்கோ படத்தில் இருப்பதை அப்படியே எழுத்தில் கொண்டுவருவது ஒன்றே கடமை.

தொடங்கும் முன்

கணினி இருந்தால் நல்லது; படமும் எழுத்தும் அருகருகே தெரிய வேண்டியிருப்பதால் கைப்பேசியின் சிறு திரையில் இந்த வேலை விரைவில் சலிப்பூட்டிவிடும். தமிழ்த் தட்டச்சு ஏற்கெனவே பழகியிருந்தால் அந்த முறையையே பயன்படுத்தலாம். கணினியில் தமிழ் எழுத வசதி இல்லாதவர்களுக்கு விக்கித் தளத்திலேயே உள்ளீட்டுக் கருவி இருக்கிறது: எழுதும் பெட்டியைச் சொடுக்கினால் அருகே தோன்றும் சிறு விசைப்பலகைக் குறியில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முதலிய முறைகளில் ஒன்றைத் தெரிவுசெய்துகொள்ளலாம்.

அடுத்து, கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். எழுத்தைத் திருத்துவதற்குக் கணக்கு கட்டாயமில்லை. ஆனால் ஒரு பக்கம் மெய்ப்புப் பார்க்கப்பட்டது என்று குறிப்பதற்குப் புகுபதிகை செய்திருக்க வேண்டும். பயனர் பெயர் உங்கள் இயற்பெயராக இருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சல் முகவரி கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுத்திருந்தால்தான் கடவுச்சொல்லை மறக்கும்போது மீட்க முடியும் என்பதால் கொடுத்துவிடுவதே நல்லது. இந்த ஒரே கணக்கு விக்கிப்பீடியா, விக்சனரி, பொதுவகம் என்று எல்லா விக்கிமீடியத் திட்டங்களிலும் எல்லா மொழிகளிலும் செல்லும்.

நூலைத் தேர்ந்தெடுத்தல்

விக்கிமூலத்தில் எல்லா நூல்களையும் ஏற்ற முடியாது. காப்புரிமை தீர்ந்தவையும் உரிமையாளரால் பொதுவில் விடப்பட்டவையுமே இடம்பெறும். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். இலங்கையில் அது 70 ஆண்டுகள். இவற்றோடு, தமிழ்நாட்டு அரசு ஆசிரியரின் குடும்பத்தாருக்குத் தொகை வழங்கி நாட்டுடைமையாக்கிய நூல்கள் என்ற பெருஞ்செல்வம் ஒன்று நமக்கு இருக்கிறது. பாரதிதாசன், கல்கி, திரு.வி.க., தேவநேயப் பாவாணர் என்று நீளும் அந்த வரிசையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் பக்கப் படங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் கட்டற்ற உரிமத்தில் வழங்கியதால்தான் தமிழ் விக்கிமூலம் இன்றைய அளவுக்கு வளர்ந்தது. உங்கள் முதல் நூலை இவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டால் உரிமைச் சிக்கல் எதுவும் எழாது.

ஒவ்வொரு நூலுக்கும் "அட்டவணை" என்று தொடங்கும் தலைப்பில் ஒரு பக்கம் இருக்கும். அதில் நூலின் எல்லாப் பக்க எண்களும் வரிசையாக, நிறங்களோடு காட்டப்பட்டிருக்கும். மென்பொருள் மாற்றிய எழுத்து மட்டும் இருந்து, மனிதர் இன்னும் ஒப்பிட்டுப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தது மஞ்சள். இரண்டாமவரும் சரிபார்த்தது பச்சை. எழுத்தே இல்லாத வெற்றுப் பக்கம் சாம்பல். படம் சிதைந்தது போன்ற சிக்கல் உள்ள பக்கங்களுக்குத் தனி நிறம் உண்டு. அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முதல் நூலாக, தெளிவான அச்சில் உள்ள சிறிய உரைநடை நூல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அச்சிட்ட ஆண்டு 1978க்குப் பிற்பட்டதாக இருந்தால் வேலை மிக எளிதாகும். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன். நூலின் முகப்பிலிருந்தோ பொருளடக்கத்திலிருந்தோ தொடங்க வேண்டாம். அவற்றின் வடிவமைப்புக்குப் பல குறியீடுகள் தேவைப்படும். நூலின் நடுப்பகுதியில், முழுவதும் பத்திகளாக உள்ள சிவப்புப் பக்கம் ஒன்றைத் திறந்து, "தொகு" என்பதைச் சொடுக்குங்கள்.

இரண்டு சுற்றுகளாகப் பாருங்கள்

இப்போது ஒரு புறம் எழுத்தும் மறுபுறம் பக்கத்தின் படமும் தெரியும். உடனே எழுத்துப் பிழைகளைத் தேடத் தொடங்காமல், முதல் சுற்றில் பக்கத்தின் அமைப்பை மட்டும் சரிசெய்யுங்கள். பக்கத்தின் தலையில் அச்சிட்டிருக்கும் நூற்பெயரும் பக்க எண்ணும் நடுவில் உள்ள பெரிய பெட்டியில் இருக்கக் கூடாது. அவற்றுக்கென்று மேலே தனிப் பெட்டி உண்டு. அது மறைந்திருந்தால் கருவிப் பட்டையில் அதைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் இடையே ஒரு வெற்று வரி வேண்டும். தடித்த எழுத்தாக இருக்கும் சொல்லுக்கு இருபுறமும் மூன்று ஒற்றை மேற்கோள் குறிகளை இட வேண்டும். செய்யுள் வரிகள் வந்தால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்க வேறு குறியீடு தேவை. அதே நூலில் முன்பே மஞ்சளாகிவிட்ட பக்கம் ஒன்றைத் திறந்து அங்கே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்து அவ்வாறே செய்யுங்கள். உதவிப் பக்கங்களைப் படித்துக் கற்பதைவிட இப்படிப் பார்த்துக் கற்பது விரைவில் கைகூடும்.

முதல் சுற்றில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் வரி முடிவு. நம் அச்சகங்கள் வரியின் ஓரத்தில் இடம் போதாதபோது சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைத்து, இணைப்புக் குறிகூட இடாமல், அடுத்த வரிக்குக் கொண்டுபோவது வழக்கம். விக்கியில் அந்த இரு வரிகளும் ஒரே பத்தியாகச் சேரும்போது இடையில் ஓர் இடைவெளி நுழைந்து, "வந்திருந்தான்" என்பது "வந்தி ருந்தான்" ஆகிவிடும். எழுத்துகள் யாவும் சரியாக இருப்பதால் இது கண்ணில் படாமல் நழுவிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அடுத்த வரியின் முதற்சொல்லையும் சேர்த்துப் படித்து, உடைந்த சொற்களை ஒட்டிவிட்டு வாருங்கள்.

இரண்டாவது சுற்றுதான் உண்மையான மெய்ப்பு. இதில் எழுத்தைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பதைவிட, படத்தை முதலில் படித்து அதன் பிறகு எழுத்தைப் பார்ப்பது நல்லது. மனம் பழகிய சொல்லைத் தானாகவே சரிசெய்து படித்துவிடும் என்பதால், வாய்விட்டு, சற்றே மெதுவாகப் படிப்பது பெரிதும் உதவும்.

எழுத்துணரி ஏமாறும் இடங்கள்

எங்கே பிழை வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் கண் அங்கே தானே நிற்கும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, துணைக்காலும் ரகரமும். பழைய அச்சில் இரண்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிது என்பதால், "மரம்" என்பது "மாம்" ஆகவும், "காரணம்" என்பது "கரரணம்" ஆகவும் மாறியிருக்கும். இவை பெரும்பாலும் பொருளற்ற சொற்களாக இருப்பதால் கண்டுபிடிப்பது எளிது.

இரண்டாவது, 1978க்கு முந்தைய எழுத்து வடிவங்கள். பெரியார் 1935இல் தம் இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையிட்டு நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகள் யானையின் துதிக்கை போன்ற வளைவோடும், ணா, றா, னா ஆகியவை துணைக்கால் இல்லாமல் கீழே சுழித்த கூட்டெழுத்துகளாகவும் அச்சிடப்பட்டன. எழுத்துணரி இவற்றைத் தனக்குத் தெரிந்த எழுத்துகளில் ஒன்றாகக் கொள்கிறது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன "ஆளுல்", "என்ருர்" ஆகியவை இப்படி வந்தவையே. இவற்றைவிட ஆபத்தானது துதிக்கை எழுத்து ஏகாரமாக மாறுவது: "இல்லை" என்பது "இல்லே" ஆனால் நமக்குத் தெரிந்துவிடும், "அவனை" என்பது "அவனே" ஆனால், அதுவும் ஒரு நல்ல தமிழ்ச் சொல்லாக இருப்பதால், பிழைதிருத்தி மென்பொருளும் கண்டுபிடிக்காது, வேகமாகப் படிக்கும் மனிதரும் கண்டுபிடிக்க மாட்டார். "அவனை அழைத்தார்" என்பது "அவனே அழைத்தார்" ஆகும்போது செயலைச் செய்தவர் யார் என்பதே குழம்பிவிடுகிறது. பழைய நூலில் ஏகாரத்தில் முடியும் ஒவ்வொரு சொல்லையும் ஐயத்தோடு படத்தில் பாருங்கள்.

மூன்றாவது, கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் கணினிக்குத் தவறாக இருப்பவை. "ஔவையார்" என்பதன் முதலெழுத்து, கணினிகள் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) ஔ என்ற ஒரே எழுத்து. அதையே ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து "ஒளவையார்" என்று எழுதினால் பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஔவையாரைத் தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. "கௌரவம்", "மௌனம்" போன்ற சொற்களிலும் இதே நிலைதான். பழைய நூல்களின் இயல் எண்களும் செய்யுள் எண்களும் தமிழ் எண்களாக இருக்கும்போதும் இது நேர்கிறது: ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றை எழுத்துணரி க, உ, எ, அ என்ற எழுத்துகளாகவே கொடுத்துவிடும். எண் இருக்கும் இடத்தில் எண்ணுக்குரிய குறியே இருக்க வேண்டும்.

இவை தவிர, ழுகரமும் முகரமும் இடம்மாறுவது, எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் குழம்புவது, புள்ளி விடுபடுவது ஆகியவை எங்கும் உண்டு. ஒரு நூலில் பத்துப் பக்கம் பார்ப்பதற்குள் அந்த நூலுக்கே உரிய பிழைகள் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும்.

திருத்தக் கூடாதவை

தொடக்கக் காலத்தில் நான் ஒரு கட்டுரை நூலில் "பிரயாணம்" என்று இருந்ததையெல்லாம் நல்லெண்ணத்தோடு "பயணம்" என்று மாற்றினேன். மூத்த பங்களிப்பாளர் ஒருவர் பக்க வரலாற்றிலிருந்து என் மாற்றங்களை நீக்கிப் பழையபடி ஆக்கிவிட்டு, இது அந்த ஆசிரியரின் காலத்து மொழி, நாளை இதை ஆராய்பவருக்கு அந்தச் சொல்லே சான்று என்று என் பேச்சுப் பக்கத்தில் பொறுமையாக எழுதினார். அன்றிலிருந்து அதை நான் மறந்ததில்லை. ஆசிரியரின் சொல், அவரது சந்தி, அவர் வடசொல்லை எழுதிய விதம், உங்களுக்கு உடன்பாடில்லாத கருத்து ஆகிய எதையும் தொடக் கூடாது. அச்சுப் பிழை என்று உறுதியாகத் தெரிந்தால்கூட, மூலத்தில் இருந்ததைக் காட்டிச் சரியானதையும் உடன் குறிப்பதற்கு வார்ப்புரு என்ற ஆயத்தக் குறியீடு இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரியாத வரை மூலத்தில் உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

துதிக்கை எழுத்தை இன்றைய ஐகாரக் குறியோடு எழுதுவது மூலத்தை மாற்றுவது ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. எழுத்து அதே எழுத்துதான். ஒருங்குறியில் இரண்டு வடிவங்களுக்கும் ஒரே குறியீடுதான் உண்டு. மாறியது வரிவடிவம் மட்டுமே.

சேமித்தலும் இரண்டாமவர் பார்வையும்

முன்தோற்றத்தைப் பார்த்துப் பத்திகள் சரியாக அமைந்துள்ளனவா என்று உறுதிசெய்துகொண்ட பின், கீழே உள்ள நிறப் பொத்தான்களில் மஞ்சளைத் தெரிவுசெய்து சேமியுங்கள். பாதிப் பக்கம்தான் பார்த்தீர்கள் என்றால் சிவப்பிலேயே விட்டுச் சேமிக்கலாம். அதில் குறை எதுவும் இல்லை. முழுமையாகப் பார்க்காத பக்கத்தை மஞ்சளாக்குவதுதான் குறை, ஏனெனில் அடுத்து வருபவர் அந்த நிறத்தை நம்பித் தம் உழைப்பை வேறு பக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவார்.

நீங்கள் மஞ்சளாக்கும் பக்கத்தில் பச்சை நிறப் பொத்தான் உங்களுக்குத் தோன்றாது. ஒருவர் மஞ்சளாக்கிய பக்கத்தை அவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. வேறொருவர் மீண்டும் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். தாமே எழுதியதில் தமக்குப் பிழை தெரியாது என்ற, அச்சகத்தார் அனைவரும் அறிந்த உண்மையின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடு இது. நீங்களும் சில பக்கங்களை மஞ்சளாக்கிய பின், மற்றவர் மஞ்சளாக்கிய பக்கங்களைச் சரிபார்க்கத் தொடங்குங்கள். நூலின் பக்கங்கள் நிறைவுற்றதும் அவை இயல்களாகத் தொகுக்கப்பட்டு, படிப்பவருக்கு ஒரே நூலாகக் காட்டப்படும்.

உங்கள் பக்கத்தில் யாரேனும் திருத்தம் செய்தால் "வரலாறு" என்பதைச் சொடுக்கி எந்த எழுத்து மாறியது என்று பாருங்கள். ஐயம் இருந்தால் அவருடைய பேச்சுப் பக்கத்தில் மரியாதையோடு கேளுங்கள். பேச்சுப் பக்கத்தில் எழுதும்போது இறுதியில் நான்கு அலைக்குறிகளை (~~~~) இட்டால் உங்கள் பயனர் பெயரும் நேரமும் தாமாகவே பதிவாகும். எல்லோருக்குமான கேள்விகளைக் கேட்க "ஆலமரத்தடி" என்ற பக்கம் இருக்கிறது. அங்கே கேட்கப்படாத எளிய கேள்வி என்று எதுவும் இல்லை.

முதல் நூலில் இருபது பக்கங்களையேனும் முடித்த பிறகு, 1978க்கு முன் அச்சான நூலுக்குச் செல்லுங்கள். அப்போது வீட்டில் அந்த ஆண்டுக்கு முன் பள்ளியில் படித்தவர் இருந்தால் அவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நமக்குப் புதிராக இருக்கும் றாவையும் ணாவையும் அவர் தடையின்றிப் படிப்பார். அவர் படத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க, நீங்கள் எழுத்தைப் பார்த்துத் திருத்தினால் ஒரு பக்கம் விரைவில் முடியும். சில நாள்களுக்குப் பின் அவர் பெயரிலும் ஒரு கணக்கு தொடங்கிக் கொடுங்கள். அவரும் பக்கத்தைத் தனியே படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிவிட்டால், நீங்கள் தனியாக முடித்து மஞ்சளாக்கும் பக்கங்களைச் சரிபார்த்துப் பச்சையாக்குபவர் அவராகவே இருக்கலாம்.